அரைப்பிடி வெங்காய விதை

"என்னால முடியாது தாயே. இதை நீங்களே வெச்சுக்கங்க."

ஆவுடையப்பர் இடுப்பு முடிச்சை அவிழ்த்து நீட்டினார். உள்ளே அரைப்பிடி வெங்காய விதை, கருகருவென்று.

செண்பகம்மை வாங்கவில்லை. குருவுக்கு வயசு முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தொன்று. அந்த மலையடிவாரக் குடிலில் அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

"ஏன் அண்ணாச்சி, என்ன வந்துச்சு?"

"பயமா இருக்கு."

பயம் இருக்காதா பின்னே! போன ஐப்பசியில் குடிலுக்குப் பின்னால் இரண்டு பாத்தி விதைத்தார். முளைத்து விரல் உயரம் வந்தது. மூன்று நாள் விடாத மழை. நாற்று மொத்தமும் அழுகிப்போனது.

மிச்சம் இந்த அரைப்பிடிதான். அந்த ரகம் வேறெங்கும் கிடையாது. விதைக்காமல் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்றாலோ, வெங்காய விதைக்கு ஆயுசு கம்மி. இந்தச் சித்திரையை விட்டால் அப்புறம் முளைக்காது.

எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன?

அவள் விதைக்கச் சொன்ன முதல் நாள், "வெயில் கொளுத்துது தாயே" என்றார்.

மறுநாள், "மேகம் கூடுது தாயே" என்றார்.

அதற்கு மறுநாள் அமாவாசை வந்து காப்பாற்றியது.

நாலாம் நாள் செண்பகம்மை கேட்டாள். "விதைக்கு மட்டுந்தான் பயமா அண்ணாச்சி?"

மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் செய்யணும்னாங்க. அவ வேண்டாம்னா. நான்தான் தைரியம் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் உள்ள போனா."

"ம்."

"திரும்பி வரலை. அன்னையிலேர்ந்து எதையும் ஆரம்பிக்கவே நடுங்குது தாயே. நான் ஆரம்பிச்சா அது உருப்படாது."

ஒரு ஆறுதல் வார்த்தை? ம்ஹூம். செண்பகம்மை எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் வந்து நின்றாள்.

"முடிச்சைக் கொடுங்க."

கொடுத்தார். கொடுத்தாரே தவிர, பகல் முழுக்க ஓரிடத்தில் உட்காரவில்லை. சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் அடுக்களைப் பக்கம் வந்தார்.

வாசற்படியில் செண்பகம்மை உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சொம்பு. சொம்பு நிறையத் தண்ணீர். அடியில் விதை.

"ஐயோ! என்ன காரியம் செஞ்சீங்க தாயே!"

கையை விட்டு அள்ளினார். விடியற்காலையிலிருந்து ஊறிய விதை. எல்லாம் உப்பிவிட்டது. இனிக் காயப்போட்டால் செத்துப்போகும். அப்படியே விட்டால் சொம்பிலேயே அழுகும்.

மேற்கே வானம் உறுமியது.

"மழை வந்தா?"

"வரட்டும்."

"வந்து மறுபடி அழுகிட்டா?"

"அழுகலாம்."

"மொத்தமும் போயிட்டா தாயே? வித்தே இல்லாமப் போயிட்டா?"

"போனா என்னாலதான் போச்சு. நீங்களா தண்ணியில போட்டீங்க? யாரு கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்க."

நியாயமாக அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். உதடு வறண்டு கிடந்தது. படிக்குப் பக்கத்தில் மத்தியானச் சோறு போட்டபடியே இருந்தது. ஈ மொய்த்தது.

"தாயே... உங்களுக்கும் பயமா?"

"பின்ன இருக்காதா? விதையைத் தண்ணியில போட்டதிலேர்ந்து ஒரு வாய் இறங்கலை அண்ணாச்சி."

ஆவுடையப்பர் சொம்பை அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"உள்ள போய்ச் சாப்பிடுங்க. பாத்தியை நான் பார்த்துக்கிறேன்."