மூச்சுக்குக் காவல்

சிறுமலையில் ஒரு மூச்சுப் பயிற்சி முகாம். பத்து நாள் அங்கேயே தங்க வேண்டும். சொல்லிக்கொடுப்பவர் சௌந்தரவல்லி அம்மா; நாற்பது வயதுகூட இருக்காது.

மூன்றாம் நாள் மதியம், இருளப்பன் பையைத் தூக்கிக்கொண்டு அவர் முன் வந்து நின்றார்.

“கிளம்பிட்டீங்களா ஐயா?”

“ஆமாம்மா. இது எனக்குச் சரிப்படாது.”

“என்ன சிரமம்?”

“மூச்சைக் கவனி, மூச்சைக் கவனின்னு சொல்றீங்க. எனக்கு நோயே அதுதானே!”

இருளப்பன் முப்பத்தொரு வருடம் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அவருக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்து, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அன்று பிடித்த பயம் விடவில்லை. தான் பார்க்காத நேரத்தில் மூச்சு நின்றுவிட்டால்? கண் சொக்கும்போதெல்லாம் திடுக்கிட்டு எழுந்துவிடுவார். நான்கு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. மகன்தான் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தான்.

இங்கே வந்தும் அதே கதைதான். “அண்ணன் விடுற மூச்சு அடிவாரம் வரைக்கும் கேக்குது” என்று பக்கத்துப் பாய் பெருமாள்சாமி வேறு கிண்டல் செய்தார்.

சௌந்தரவல்லி அம்மா தடுக்கவில்லை.

“போயிட்டு வாங்க. ஆனா பஸ் நாலரைக்குத்தான். அதுவரைக்கும் ஒரு உதவி செய்வீங்களா?”

“சொல்லுங்கம்மா.”

“பயிற்சி முடிஞ்சு பதினாலு பேர் கூடத்துல படுத்திருக்காங்க. யாராவது மூச்சு விட மறந்துட்டா தட்டி எழுப்பணும்.”

இருளப்பன் பையை வைத்துவிட்டுத் தூணோரம் உட்கார்ந்தார். வேலை என்றால் அவருக்கு வேலைதான். வரிசையாகப் பார்த்தார். ஒரு வயிறு ஏறியது, ஒன்று இறங்கியது. பெருமாள்சாமியின் குறட்டை நடுவில் நின்றுபோனது. இவர் பாதி எழுந்துவிட்டார். அதற்குள் குறட்டை விசிலோடு திரும்பி வந்தது. உட்கார்ந்தார். மறுபடி நின்றது, மறுபடி வந்தது. மூன்றாவது முறை இவர் எழவில்லை.

கண் விழித்தபோது கூடத்தில் ஒருவரும் இல்லை. வெளியே சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது.

இருளப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

“அம்மா, தப்பு நடந்துபோச்சு. டியூட்டியில தூங்கிட்டேன். என் சர்வீஸ்ல ஒருநாள்கூட இப்படி ஆனதில்ல.”

“எவ்வளவு நேரம் தூங்கினீங்க?”

“ரெண்டரை மணி நேரம் இருக்கும்மா.”

“யாருக்காவது மூச்சு நின்னுபோச்சா?”

அவர் திரும்பி ஒவ்வொரு தலையாக எண்ணினார். பெருமாள்சாமி இரண்டாவது டம்ளருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

“இல்லம்மா. பதினாலு பேரும் இருக்காங்க.”

“அவங்க எல்லாம் அப்பவே எழுந்து வந்துட்டாங்க. கடைசி வரைக்கும் தூங்கினது பதினஞ்சாவது ஆள். அவர் மூச்சுக்கு யார் ஐயா காவல் இருந்தாங்க?”