பூவாத்தாளின் பங்கு

முன்னொரு காலத்தில், இன்று பேர்கூட மறந்துபோன ஒரு நாட்டில், இருளப்பன் என்றொரு விகடகவி இருந்தான். ராஜா சிரித்தால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும்.

ஒருநாள் சபைக்கு ஒரு வழக்கு வந்தது. கல்தச்சன் கருத்தானும் அவன் மனைவி நல்லாத்தாளும் இனிச் சேர்ந்து வாழ முடியாது என்று பிரிந்துவிட்டார்கள். ஆறு வயது மகள் பூவாத்தாள் யாரிடம் வளர்வது?

“எம் புள்ள எங்கிட்டதான் இருக்கும்” என்றான் கருத்தான்.

“பெத்தவ நான் செத்தா போயிட்டேன்?” என்றாள் நல்லாத்தாள்.

“உனக்குத் தாய் வேண்டுமா, தந்தை வேண்டுமா?” என்று பிரதானி குழந்தையை ஐந்து முறை கேட்டார். அது பாவாடை நுனியைக் கடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ராஜாவுக்குச் சலிப்புத் தட்டியது. ராயசக்காரரைக் கூப்பிட்டு ஆணை எழுதச் சொன்னார்: “இருவரும் சரிபாதிக் காலம் பிள்ளையோடு இருக்க வேண்டும். ஆனால், வீட்டை விட்டுப் போகும்போது பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீரும் விடக்கூடாது. இதற்கு ஒருவன் வழி சொல்ல வேண்டும்; பிள்ளை அழுதால் அவன் நாட்டை விட்டே போக வேண்டும்!”

இருளப்பன்மேல் நெடுநாளாகப் பொறாமை கொண்டிருந்த பிரதானி மெல்ல எழுந்தார். “மகாராஜா, இதற்கு விகடகவியே தகுந்தவர். பிள்ளையைப் பிரிவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.”

சபை கொல்லென்று சிரித்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு இதே இடத்தில் இருளப்பனும் தன் மகளுக்காக நின்றிருந்தான். ‘கோமாளி வீட்டில் வளரும் பெண்ணை எவன் கட்டுவான்?’ என்று அன்று கேட்டவர் இதே பிரதானிதான். ராஜாவும் தலையாட்டினார். மகள் தாயோடு ஆற்றுக்கு அக்கரை போய்விட்டாள். இருளப்பன் அந்தக் கரையை மிதிக்கக் கூடாது என்று தீர்ப்பு.

இப்போது அவன் பூவாத்தாள் முன்னால் தரையில் உட்கார்ந்தான். யார் வேண்டும் என்று கேட்க அவனுக்கு மனசு வரவில்லை.

“நீ எங்க தாயீ படுத்துக்குவ?”

“முருங்க மரத்துப் பக்கத்து அறையில.”

“வேற வீட்டுல படுப்பியா?”

மாட்டேன் என்று தலையை ஆட்டியது குழந்தை.

இருளப்பன் எழுந்து கைகூப்பினான். “மகாராஜா, ‘இருவரும் பிள்ளையோடு இருக்க வேண்டும்’ என்பதே தங்கள் ஆணை. பிள்ளை அவர்களைத் தேடிப் போக வேண்டும் என்று அதில் இல்லை. ஆகவே பூவாத்தாள் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். வளர்பிறையில் தாய் வந்து இருக்கட்டும், தேய்பிறையில் தகப்பன் வந்து இருக்கட்டும். சண்டை போட்டவர்கள் பெரியவர்கள். மூட்டை தூக்கிக்கொண்டு அவர்களே நடக்கட்டும்.”

அன்று தேய்பிறை, தகப்பன் முறை. நல்லாத்தாள் மகளின் தலையைத் தடவிவிட்டுச் சபை வாசல் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, போவாத!” என்று பூவாத்தாள் வீறிட்டாள். அவளைத் தூக்க வந்த கருத்தானின் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். அடுத்த நொடி அவன் கழுத்தையே கட்டிக்கொண்டு அழுதாள்.

“அழுதுவிட்டாள்! இவர் நாட்டை விட்டுப் போகட்டும்!” என்று துள்ளினார் பிரதானி.

இருளப்பன் பதில் சொன்னான். “வீட்டை விட்டுப் போகும்போதுதான் அழக்கூடாது என்பது ஆணை. பிள்ளை வீட்டை விட்டுப் போகவில்லையே. அம்மாவைப் பிரிந்து அழுவதற்கு ஆணையில் தடை ஏதுமில்லை, பிரதானி அவர்களே.”

சொல்லி முடித்ததும் தன் வாயே அவனுக்குக் கசந்தது. குழந்தையின் அழுகை நிற்கவில்லை.

ராஜா தொடையில் தட்டிச் சிரித்தார். “பிரதானி, தோற்றீர்!” என்று சொல்லித் தன் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து இருளப்பனுக்குப் போர்த்தினார். “இன்னும் என்ன வேண்டும்? தயங்காமல் கேள்!”

“மகாராஜா, என் மகளை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும். அதுபோதும்.”

ராஜா ஒரு கணம் அவனையே உற்றுப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னைவிட உரக்கச் சிரித்தார். “அடடா! அழுகிற பிள்ளையைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு கேட்கிறான் பாருங்கள்! இதுவரை இவன் செய்த விகடத்திலேயே இதுதான் உசத்தி!”

கையில் இருந்த கங்கணத்தையும் கழற்றிக் கொடுத்தார். சபை முழுக்கக் கைதட்டியது. இருளப்பன் குனிந்து அதை வாங்கிக்கொண்டான்.