ராஜாமணி அம்மாளின் வாட்ச்

வாட்ச் நின்றால் கடைக்குக் கொண்டுபோவது உலக வழக்கம். கோவில்பட்டியில் ஒரு வீட்டில் வாட்ச் நின்றதற்கு மருமகளை முறைத்துப் பார்த்தார்கள். அந்தக் கதை இது. கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன், அதனால் கொஞ்சம் கவனமாகவே கேளுங்கள்.

ராஜாமணி அம்மாள் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். விடைபெற்ற அன்று கொடுத்த வாட்ச் என்றால் அவருக்கு உயிர். மகன் தனுஷ்கோடியின் கல்யாணம் முடிந்த வாரம் அவருடைய வீட்டுக்கு இரண்டு புதுவரவுகள். ஒன்று, மருமகள் இந்துமதி. இன்னொன்று, கல்யாண அலைச்சலில் முட்டி வலி கண்ட அம்மாவுக்காக மகள் சுகன்யா பொருட்காட்சியில் ஆசையாக வாங்கி வந்த காந்தப் பட்டை. பகலெல்லாம் அதை முழங்காலில் கட்டிக்கொள்வார். படுக்கும்போது அவிழ்த்துத் தலைமாட்டு ஸ்டூலில் வைத்து, வாட்சையும் கழற்றி அதன் மேலேயே வைப்பார்.

அந்த வாரத்திலிருந்துதான் வாட்ச் மக்கர் செய்தது. காலையில் பார்த்தால் மணி பின்தங்கியிருக்கும். முள்ளைத் திருத்திக் கையில் கட்டினால் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று கையை விரித்தார். "இவ வந்ததுல இருந்துதான் இப்பிடி" என்று ராஜாமணி அம்மாள் அக்கம்பக்கத்திலும் சொன்னார், உறவுக்காரர்களிடமும் சொன்னார். சுகன்யாவுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வர இருந்தது. அதில் இந்துமதி வளையல் போட வேண்டாம், ராசி எப்படியோ என்பது வரை பேச்சு போய்விட்டது. தனுஷ்கோடி நல்லவன்தான். அம்மா இந்தப் பேச்சை எடுத்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடும் அளவுக்கு நல்லவன்.

இந்துமதி ஒருநாள் அத்தைக்குக் காலைக் காப்பி கொண்டுபோனபோது பார்த்தாள். பட்டையின் மேல் இருந்த வாட்சில் விநாடி முள் அசையாமல் நின்றது. வாட்சைத் தூக்கினாள், ஓடியது. வைத்தாள், நின்றது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? வந்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் நாத்தனார் வாங்கிக் கொடுத்த பொருளைக் குறை சொல்கிறாள் என்பார்கள். புருஷனிடம் சொன்னாள். "சுகன்யா மனசு சங்கடப்படும், விடேன்" என்றான்.

அந்த வீட்டில் எல்லாரும் பார்த்த தொடர் 'கிணத்தடி பங்களா'. அதில் வரும் மருமகள் அமுதினி கிணற்றுப் பக்கம் போனால் போதும், கையில் கட்டியிருக்கும் கடிகாரம் நின்றுவிடும், பிடித்திருக்கும் அரிவாள் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பும். யட்சி புகுந்துவிட்டாள் என்று அவளை வீட்டை விட்டே துரத்தப் பார்த்தார்கள். இந்துமதி 'கிணற்றுத் தவளை' என்ற பெயரில் அந்தத் தொடரின் ரசிகர் பக்கத்தில் எழுதினாள்:

"யட்சியும் இல்லை, சாபமும் இல்லை. கிணற்றுச் சுவரில் காந்தக்கல் இருக்கிறது. இரும்பு வாளி அங்கே ஒட்டிக்கொள்கிறது, பித்தளைக் குடம் ஒட்டவில்லை. பேய்க்கு இரும்பு, பித்தளை எல்லாம் தெரியுமா? அமுதினி கோவிலுக்குப் போனபோது அதே கடிகாரம் ஓடத்தானே செய்தது? கடிகாரம் ஆளைப் பார்த்து நிற்கவில்லை, இருக்கும் இடத்தைப் பார்த்து நிற்கிறது."

ரசிகர்கள் அதைக் கொண்டாடினார்கள். யார் எழுதியது என்று தெரியாமல் அம்மா வீட்டுக்கு வந்திருந்த சுகன்யாவே அதைச் சத்தமாக வாசித்தாள். ராஜாமணி அம்மாள் சொக்கிப்போனார். "யாரு பெத்த பிள்ளையோ, என்ன மூளை" என்றார். இந்துமதி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மறுநாள் காலை அவள் காப்பியோடு போனபோது, ராஜாமணி அம்மாள் வாட்சைப் பட்டையின் மேல் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். மருமகள் பார்ப்பதை அவரும் பார்த்தார். அன்றிலிருந்து படுக்கும்போது வாட்ச் அலமாரிக்குப் போனது, நேரமும் தப்பவில்லை.

வளைகாப்பு அன்று, சம்பந்தி வீட்டார் உட்பட எல்லாரும் கூடியிருக்க, ராஜாமணி அம்மாள் இந்துமதியைக் கூப்பிட்டார். "மதினிக்காரிதான் முதல்ல போடணும். வா பிள்ள." அவள் வளையலை எடுத்தாள். ராஜாமணி அம்மாளின் அக்கா பட்டம்மாள் குறுக்கே கையை நீட்டினார்.

"இவ வந்ததுல இருந்து வாட்ச் நிக்குதுன்னு நீதான ராஜி சொன்ன? இப்ப மட்டும் என்ன ஆச்சு?"

எல்லாரும் ராஜாமணி அம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். மகள் கொடுத்த பட்டைதான் காரணம் என்றால், மாசமாக இருக்கும் பெண் தன் விசேஷத்திலேயே, புகுந்த வீட்டார் முன்னால் தலைகுனிவாள். கடைக்காரர் சரிசெய்துவிட்டார் என்றால் அது பொய். அதெல்லாம் இப்போது எதற்கு என்று மழுப்பினால் பழி அப்படியே நிற்கும், நாளைக்கு மிக்ஸி ரிப்பேரானாலும் இந்துமதி தலையில்தான் விடியும். இந்துமதியே வாயைத் திறந்தால் அது குறைசொல்வதாகிவிடும்.

பொய்யும் சொல்லாமல், மகள் மனமும் நோகாமல், மருமகள் மேல் விழுந்த பழியும் போகும்படி ராஜாமணி அம்மாள் என்ன சொல்ல வேண்டும்?

விடை: ராஜாமணி அம்மாள் சொன்னது இதுதான். "நிப்பாட்டுனது நான்தான்க்கா. காந்தப் பட்டை மேல வாட்சக் கொண்டுபோய் வச்சா நிக்காம என்ன செய்யும்? பட்டை முட்டிக்கு வாங்குனது, அது மேல தப்பில்ல. இந்தப் பிள்ளை மேலயும் தப்பில்ல. வச்சது என் கை, பழி சொன்னது என் வாய்." காரணத்தை இரண்டு பெண்களிடமும் தேடியவரைக்கும்தான் அது சிக்கல். வைத்தவர் தானே என்று ஒப்புக்கொண்டதும் சொல்ல வேண்டியது சுலபமாகிவிட்டது. பட்டம்மாள் கையை எடுத்துக்கொண்டார். இந்துமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசர அவசரமாக வளையலை மாட்டப் பார்த்தாள். சுகன்யா தன் கையை நன்றாக நீட்டி, "மெதுவாப் போடுங்க மதினி, அவசரமில்ல" என்றாள்.