சேர்மனின் திருகாணி

முன்னாள் சேர்மன் கைலாசத்திடம் ஒரு பழைய டிராக்டரும் அதைவிடப் பழைய ஸ்குரூ டிரைவரும் இருந்தன. டைனமோவிலிருந்து கரண்டை அளவாக அனுப்புகிற ரெகுலேட்டரைத் தினமும் திறப்பார். விளக்கு பளிச்சென்று எரியட்டும் என்று ஒரு திருகு திருகுவார். கரண்ட் கூடி பேட்டரி கொதித்துப்போகும். மூன்றாவது பேட்டரியும் போனதும், தன் கட்டடத்தில் ஒயரிங் கடை வைத்திருந்த மாசாணத்திடம் வந்து நின்றார்.

“இனி பேட்டரி கொதிக்கக் கூடாது. ஆனா திருகுறது நான்தான். முடியாதுன்னா நாளைக்கே கடையைக் காலி பண்ணிரு.”

மாசாணம் இன்ஜினை ஓடவிட்டு, மீட்டர் பதினாலு வோல்ட் காட்டும்படி ரெகுலேட்டரைச் சரிசெய்து, மூடியை அரக்கு வைத்து அடைத்தான். பிறகு சேர்மனை டிராக்டருக்குப் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு திருகாணியைக் காட்டினான்.

“உள்ளே இருக்கிறது எங்களை மாதிரி ஆளுங்க திருகுறதுங்க. ஓனர் திருகுறது இதுதானுங்க. ஒரு நாளைக்குக் கால் சுத்து, இடப்பக்கமா. அதுக்கு மேல வேண்டாமுங்க.”

ஒரு மாதமாகியும் பேட்டரி கொதிக்கவில்லை. சேர்மனுக்குத் தலைகால் புரியவில்லை. கடை வாசலிலேயே டிராக்டரை நிறுத்தி, விளக்கைப் போட்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டார்.

“மெக்கானிக் என்ன மெக்கானிக். எல்லாம் என் கைவாகு. இப்ப விளக்கைப் பாருங்க” என்று திருகினார்.

விளக்கு எப்போதும்போல எரிந்தது. நம்பர் பிளேட்தான் கழன்று அவர் காலடியில் விழுந்தது.

மாசாணம் அதை எடுத்துத் துடைத்துப் பணிவாக அவர் கையில் கொடுத்தான்.

“ஃபுல்லா வெச்சுட்டீங்க. இதுக்கு மேல திருக முடியாதுங்க.”