ஒரே நூலில் இரண்டு தோசை

பரமேசுவரனார் தன் பெயருக்கு முன்னால் "கணிதக் கடல்" என்று தானே போட்டுக்கொண்டவர். குழந்தைகளுக்கு அளவு சொல்லித்தர ஒரு படக்கதை எழுதி, மதுரையில் ஒரு பதிப்பகத்துக்குக் கொண்டுவந்தார். படம் போடும் சௌந்தரவல்லி அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள். வட்டத் தோசையின் விளிம்பைச் சுற்றிய நூல் ஒரு நீளத் தோசைக்கும் சரியாக இருந்தால், இரண்டும் ஒரே அளவு தோசையாம்!

"ஐயா, சுற்றளவு ஒண்ணா இருந்தா பரப்பளவும் ஒண்ணாயிடுமா?"

"கடலுக்கே அலையடிக்கக் கத்துத்தர்றியா? எழுதினதை வரை. இல்லேன்னா வேற ஆள் வரைவாங்க."

பதிப்பக முதலாளியும் அவர் பக்கம் பலமாகத் தலையாட்டினார்.

"வரையறேன் ஐயா. பார்த்து வரைய மாதிரி வேணும், அவ்வளவுதான்" என்றவள், நூலோடு எதிர் ஓட்டல் மாஸ்டரிடம் போனாள்.

மதியம், பசியோடு உட்கார்ந்திருந்த கடலின் முன்னால் இரண்டு தட்டு வந்தது. ஒன்றில் நெய் மணக்கும் வட்டத் தோசை. இன்னொன்றில் விரல் அகலத்துக்கு ரிப்பன் மாதிரி ஒரு நீளத் தோசை. அதே நூலால் இரண்டையும் சுற்றிக் காட்டினாள். இம்மியும் பிசகவில்லை.

"பார்த்தியா!" என்று கடல் பொங்கியது.

"பார்த்தேன் ஐயா. ஒரே அளவுதான். உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. எடுத்துக்குங்க."

கடலின் கை நேராக வட்டத் தோசைக்குப் போனது. முதலாளிக்குச் சிரிப்பு பீறிட்டது. கடல் நீட்டிய கையை உள்வாங்கப் பார்த்தது.

"அசையாதீங்க ஐயா!" என்று பென்சிலை எடுத்தாள் சௌந்தரவல்லி. "அந்தக் கையைத்தான் வரையப் போறேன்."