வியாழக்கிழமைக்கு ஒரு வண்டி

கோபத்தோடு சொல்லும் கதைதான் இது. ஆனாலும் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது, பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா பெனிட்டாவுக்கு வியாழக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட்டுக்கு விமானம். அத்தான் லிபினுக்கு அங்கே வேலை. அவர் போன பிறகு பிறந்தவள் லியா. பத்து மாதம் ஆகிவிட்டது, அவள் அப்பா இன்னும் அவளைத் தூக்கியதில்லை. மூத்தவன் ரூபனுக்கு மூன்று வயது. கையை விட்டால் ஓடுவான். அத்தானின் தம்பி ஜெரின் காரில் கொண்டுபோய் விமான நிலைய வாசலில் விடுவான். டிக்கெட் இல்லாதவர்களை அதற்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். அந்தப் பக்கம், மஸ்கட் வாசலில் அத்தான் காத்திருப்பார்.

இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போக ஒரு ஸ்ட்ரோலர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போனோம். அக்காவின் மாமனார் தேவசகாயம், கடைப் படி ஏறும்போதே அக்காவுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்.

"கேட்டியா மக்களே, வண்டி சரியா அமையணும். இல்லன்னா இப்பம் போகாண்டாம். கிறிஸ்மஸுக்கு ஜெரினுக்கு லீவு கிடைக்கும், அவன் கூட்டிட்டுப் போவான்."

கிறிஸ்மஸுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

தேவசகாயம் மாமா மர மில்லில் வேலை பார்த்தவர். இன்றும் சட்டைப்பையில் அளவு டேப் இல்லாமல் வெளியே இறங்கமாட்டார். அவர் தேர்ந்தெடுத்தது, இரண்டு இருக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வண்டி. "ஒருத்தன் முன்னால, ஒருத்தி பின்னால இருந்தா சண்டை வரும். இதுல ரெண்டும் சமம்" என்றார். அகலத்தை அளந்தார், கடைக் கதவை அளந்தார், வீட்டுக் கதவின் அளவு அவருக்கு மனப்பாடம். எல்லாவற்றிலும் நுழையும் என்று தெரிந்ததும் பிள்ளைகள் இரண்டையும் அக்காவிடம் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் அமுக்கி மடக்கிக் காட்டினார். மடங்கியது.

ஜெரின் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் தேர்ந்தெடுத்தது முன்னும் பின்னுமாக இருக்கை வைத்த வண்டி. "அப்பா, அது குறுக்க நின்னா பின்னால வர்றவன் திட்டுவான். இது ஒல்லி. மைனி, லியாவ கொஞ்சம் பிடிங்க. இவனையும் பிடிங்க, ஓடிருவான்." பிள்ளைகளை அண்ணியிடம் விட்டு, பின் இருக்கையைக் கழற்றித் தரையில் வைத்து, முன்னதை மடக்கினான். அதுவும் மடங்கியது.

இதற்குள் அத்தான் வீடியோ காலில் வந்துவிட்டார். அவர் கேட்டது இரண்டு தனித்தனி வண்டிகள், நடுவில் கொக்கி. "இங்க வந்ததும் பிரிச்சு ஆளுக்கு ஒண்ணா தள்ளிட்டு நடக்கலாம், பெனி. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. செக்கிங்ல வண்டிய மடக்கி பெல்ட்ல போடச் சொல்லுவாங்க. பிள்ளைங்கள வெளிய எடுத்துரணும்." மாமா ஒன்றையும் ஜெரின் ஒன்றையும் ஒரே நேரத்தில் மடக்கினார்கள். அத்தானுக்குத் தெரியட்டும் என்று போனை நீட்டிப் பிடித்திருந்தது நான். லியா அக்கா இடுப்பில், ரூபன் அவள் கைப்பிடியில்.

மூன்று பேரும் வாதாடினார்கள். எனக்கும் வாதம் பிடிக்கும், நடுவில் புகுந்தேன். "ஒனக்கு இதுல என்னளா தெரியும்? பிள்ளையா குட்டியா? நீ போய் பரீட்சைக்குப் படி" என்றார் மாமா.

அந்த நேரம் ரூபனைக் காணவில்லை. பதறித் தேடினால், மூலையில் ஒரு பழைய மாடல் வண்டியின் மேல் நிற்கிறான். முன்னால் ஒரு இருக்கை. பின்னால், கைப்பிடிக்குக் கீழே, பெரிய பிள்ளை ஏறி நிற்க ஒரு பலகை. "இறங்குல" என்று மாமா மூன்று முறை அதட்டினார். "நிக்க வச்சா கொண்டுபோவாங்க? எம் பேரன் என்ன பஸ் கண்டக்டரா?"

கடைக்காரம்மா எழுந்து வந்தார். கையில் பாதி குடித்த டீ கிளாஸ். ரூபனை இறங்கச் சொல்லி, வழியை அடைத்த அந்த வண்டியை மறு கையால் மடக்கிச் சுவரில் சாய்த்தார். டீ சிந்தவில்லை. ரூபன் ஓடவில்லை, அவர் அதைத் திரும்ப விரிக்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

மாமா டேப்பைச் சுருட்டினார். "மூணு பேரும் மூணு சொல்றோம். ஒண்ணும் ஒத்துவரல்ல. அப்பம் கிறிஸ்மஸுக்கே வச்சுக்கலாம்."

இப்போது சொல்லுங்கள். மாமாவின் வண்டி எல்லாக் கதவிலும் நுழையும். ஜெரினின் வண்டி யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அத்தானின் வண்டிகள் ஒன்றாகவும் ஓடும், பிரிந்தும் ஓடும். மூவருக்கும் அக்கா மேல் அக்கறைதான், அதை நான் மறுக்கவில்லை. இதில் யார் சொன்னது சரி? வியாழக்கிழமை என் அக்கா எந்த வண்டியோடு போக வேண்டும்?

விடை: மூவர் சொன்னதும் தவறு. மூன்று வண்டியையும் மடக்கியவர்களுக்கு இரண்டு கையும் சும்மா இருந்தன, ஏனென்றால் பிள்ளைகள் அக்காவிடம் இருந்தார்கள். இரண்டு வாசல்களுக்கும் நடுவில் பிள்ளைகளைப் பிடிக்க இன்னொரு அக்கா கிடையாது. லியாவைத் தூக்கிய பிறகு அக்காவுக்கு மிஞ்சுவது ஒரு கை. ரூபன் தானாக நிற்க வேண்டும். அதற்குப் பொருந்துவது அந்தப் பலகை வண்டி மட்டும்தான். அக்கா லியாவை இடுப்பில் வைத்தபடியே அதனிடம் போனாள். குழந்தையை வாங்கிக்கொள்ள ஜெரின் கை நீட்டினான். "வேண்டாம் ஜெரின். வியாழக்கிழமை நீ அங்க இருக்கமாட்ட" என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் மடக்கினாள்.