முதலாளி முறுக்கிய மூட்டு

அனிமேஷன் கம்பெனி முதலாளி தண்டபாணிக்குத் தன் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு பெற்ற பிள்ளை மாதிரி. வேகமாய் ஓட்டினால் கொதிக்கிறதென்று, அதைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் பொருத்தினாள் டெக்னீஷியன் ஜெசிந்தா. குழாயின் கடைசி மூட்டு ஒன்றை மட்டும், போட்டோவுக்காக, முதலாளியே முறுக்கினார்.

"ஏம்மா, ஒழுகாதுன்னு நிரூபி. ஆனா சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாது. ஒழுகுற மாதிரி இருந்தா உனக்கு வேலை கிடையாது!"

ஜெசிந்தா சைக்கிள் பம்பால் குழாய்க்குள் காற்றடித்தாள். மூட்டுகளில் சோப்பு நுரையைத் தொட்டு வைத்தாள். எல்லாம் கம்மென்று இருக்க, ஒன்று மட்டும் குமிழி குமிழியாய் ஊதியது.

"இதை முறுக்குன மகராசன் எவன்? இப்பவே வெளியே அனுப்பு!" என்று குதித்தார் தண்டபாணி.

ஜெசிந்தா செல்போனில் அந்தப் போட்டோவை நீட்டினாள்.

"இவருதான் சார். முன்வாசல் வழியா அனுப்பட்டுமா, பின்வாசல் வழியாவா?"